சாலையோரம் ஒரு கார் நின்றால் என்ன ஆகும்? நகரச் சாலைகளில் வேகம் குறைவதன் கணக்கு

தீபாவளிக்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போது கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கார் ஓட்டுபவர் வேக வரம்புப் பலகையைத் தேடுவதில்லை. பூமாலைக் கடையின் முன் ஒரு வேன் பூக்கூடைகளை இறக்குகிறது. நகைக்கடையிலிருந்து ஒரு குடும்பம் பைகளோடு சாலையில் இறங்குகிறது. முன்னால் போகும் கார் காலியிடம் கிடைக்குமா என்று பார்த்து ஊர்கிறது. நகரப் பகுதிக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம் பொதுவாக மணிக்கு 60 கிலோமீட்டர். அந்த நேரத்தில் அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது சட்டம் அல்ல. பூக்கூடையும் வேனும் ஜவுளிப் பையும்தான்.

சாலைப் பொறியியலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: பக்கவாட்டு உராய்வு. சாலையின் இரு ஓரங்களிலும் நடக்கும் காரியங்கள் நடுவில் ஓடும் வாகனங்களை எவ்வளவு தடுக்கின்றன என்பதை அளக்கும் கணக்கு அது. பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான், பினாங்கு லெபோ பாசார், சிங்கப்பூர் சிராங்கூன் சாலை என நம் மக்கள் கூடும் இடங்கள் பெரும்பாலும் இந்த உராய்வு மிகுந்த இடங்களே. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து சாமான் வாங்கும் பழைய நடை முறையே இந்தத் தெருக்களை உருவாக்கியது. அதனால் இந்தக் கணக்கு நம் வீட்டுக் கணக்கும்கூட.

இந்தோனேசியர்கள் போட்ட கணக்கு

சாலையின் கொள்ளளவைக் கணக்கிடும் முறைகளில் அமெரிக்கக் கையேடு உலகெங்கும் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. அங்கே கடைத்தெரு என்றால் கார் நிறுத்துவதும் பேருந்து நிற்பதும்தான் முக்கியத் தடைகள். தள்ளுவண்டி, நடைபாதைக் கடை, கூட்டமாகச் சாலையைக் கடக்கும் மக்கள் ஆகியவை நிறைந்த தென்கிழக்காசிய நகரங்களுக்கு அது அப்படியே பொருந்தவில்லை. 1997-ல் வெளிவந்த இந்தோனேசிய நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடு இந்த இடைவெளியை நிரப்பியது. ஓரத்து நடமாட்டத்தை எண்ணிக்கையாக மாற்ற அது ஓர் எளிய வழியைக் கொடுத்தது. நம் ஊர்ச் சாலைகளுக்கு நெருக்கமான வழியும் அதுவே.

200 மீட்டர் நீளமுள்ள ஒரு சாலைத் துண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் இரு ஓரங்களிலும் நடப்பவற்றை நான்கு வகையாக எண்ண வேண்டும். சாலையோரம் நடப்பவரும் கடப்பவரும் ஒரு வகை, ஒருவருக்கு 0.5 புள்ளி. நிற்கும் அல்லது நிறுத்தப்படும் வாகனம் இரண்டாவது. அதற்கு 1 புள்ளி. ஓரத்து வாசல்களிலிருந்தும் சந்துகளிலிருந்தும் வெளியே வரும், உள்ளே நுழையும் வாகனத்துக்கு 0.7. சைக்கிள், தள்ளுவண்டி போன்ற மெதுவாக நகரும் வண்டிக்கு 0.4. கூட்டிய தொகை 100-க்குக் கீழே என்றால் உராய்வு மிகக் குறைவு. 300-லிருந்து 499 வரை நடுத்தரம். 500-லிருந்து உயர்வு. 900-ஐத் தாண்டினால் மிக உயர்வு.

ஒரு கற்பனைக் கடைத்தெருவைக் கொண்டு இதைப் பார்க்கலாம். சாதாரண வேலைநாளில் ஒரு மணி நேரத்தில் 400 பேர் நடக்கிறார்கள், 90 வாகனங்கள் நிற்கின்றன, 100 வாகனங்கள் நுழைந்து வெளியேறுகின்றன, மெதுவான வண்டிகள் 50. புள்ளிகள் முறையே 200, 90, 70, 20. மொத்தம் 380, அதாவது நடுத்தரம். பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமை நடப்பவர்கள் 1,200 பேராகவும், நிற்கும் வாகனங்களும் நுழைந்து வெளியேறும் வாகனங்களும் தலா 200 ஆகவும் உயர்ந்தால் தொகை 960. தெரு மாறவில்லை, அகலம் மாறவில்லை. சாலை மட்டும் வேறொரு சாலையாகிவிட்டது.

இந்தப் புள்ளிகளில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நிற்கும் ஒரு கார் நடக்கும் இரண்டு பேருக்குச் சமம். நெரிசல் என்றதும் குறுக்கே நடப்பவரையும் அங்காடிக்காரரையும் குறைசொல்வது நம் வழக்கம். கணக்கோ “ரெண்டே நிமிஷம்” என்று சொல்லி நான்கு சிக்னல் விளக்கையும் போட்டுவிட்டு ரொட்டி சானாய் கட்டிவாங்கப் போனவரை முதலில் கேட்கிறது.

அதே கையேடு இன்னொன்றையும் சொல்கிறது. நடுவில் தடுப்பில்லாத இருவழிச் சாலையில் ஓர இடம் அரை மீட்டர் மட்டுமே இருந்து உராய்வு மிக உயர்வாக இருந்தால், சாலையின் கொள்ளளவு ஏறத்தாழ 73 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. அதே நடமாட்டம், ஆனால் ஓரத்தில் இரண்டு மீட்டர் இடம் இருந்தால் 91 விழுக்காடு கிடைக்கிறது. மக்கள் கூடுவதால் வரும் இழப்பைவிட அவர்கள் ஒதுங்க இடம் இல்லாததால் வரும் இழப்பு பெரிது.

வேகம் எங்கே தொலைகிறது

ஓரத்தில் நடமாட்டம் இருந்தால் வாகனங்கள் ‘கொஞ்சம் மெதுவாக’ப் போகும் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நேரம் தொலைவது மெதுவாகப் போவதில் அல்ல, நிற்பதில்.

600 மீட்டர் நீளமுள்ள கடைத்தெருவை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் கடந்தால் 54 வினாடி ஆகும். வழியில் ஒரு கார் பின்னால் நகர்ந்து நிறுத்துவதற்காக 20 வினாடி, லாரி ஒன்று சந்திலிருந்து வெளிவர 20 வினாடி என இரண்டு முறை நிற்க வேண்டி வந்தால் மொத்தம் 94 வினாடி. சராசரி வேகம் மணிக்கு 23 கிலோமீட்டராகிவிடுகிறது. ஓடிய நேரமெல்லாம் வேகமானி 40-ஐக் காட்டியிருந்தும் பயணத்தின் வேகம் ஏறத்தாழ பாதியாகிறது. சாலையின் ஒரு புள்ளியில் வேகப்பொறிக் கருவியை வைத்து அளந்தால் இது தெரியாது. தெருவின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஆன நேரத்தை அளந்தால்தான் தெரியும். மன்றங்கள் வேக அளவைப் பற்றிப் பேசும்போது எந்த வேகத்தைச் சொல்கின்றன என்று கேட்டுக்கொள்வது நல்லது.

விளக்குச் சந்திப்பை ஒட்டிய இடங்களில் நிலைமை இன்னும் மோசம். காரை ஒரு முறை நிறுத்துவதோ எடுப்பதோ அருகிலுள்ள தடத்தைச் சராசரியாக 18 வினாடி அடைக்கிறது என்பது அமெரிக்கக் கையேட்டின் கணக்கு. ஒரு மணி நேரத்தில் 100 முறை இப்படி நடந்தால் 1,800 வினாடி, அதாவது அரை மணி நேரம் அந்தத் தடம் இல்லாததற்குச் சமம்.

இரட்டை வரிசையில் நிறுத்துவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு தடங்கள் கொண்ட ஒருவழிச் சாலையின் அகலம் 6.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வரிசைக் கார்கள் 2 மீட்டரை எடுத்துக்கொள்கின்றன. இரண்டாவது வரிசை இன்னொரு 2 மீட்டர். மிஞ்சுவது 2.5 மீட்டர். அதிலும் கதவு திடீரெனத் திறக்குமோ என்ற பயத்தில் ஓட்டுநர்கள் விலகிப் போகிறார்கள். காகிதத்தில் இரண்டு தடம், நடைமுறையில் ஒன்றே.

இதில் அதிகம் அடிபடுவது மோட்டார் சைக்கிளோட்டிகள். மலேசியச் சாலை மரணங்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் அவர்களும் பின்னால் அமர்ந்து செல்பவர்களுமே. நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கம் ஓடுகின்றன, மோட்டார் சைக்கிள்கள் இடது ஓரத்தை ஒட்டிப் போகின்றன. அந்த ஓரத்தில் கார் நின்றால் சைக்கிளோட்டி வலப்பக்கம், ஓடும் கார்களுக்கு நடுவே நுழைய வேண்டும். நிற்கும் காரின் ஓட்டுநர் இருக்கையும் வலப்பக்கம்தான். அவர் கதவைத் திறப்பது சைக்கிளோட்டி வரும் பக்கமாகவே. உணவு விநியோகிக்கும் இளைஞர்கள் ஒரு நாளில் எத்தனை முறை இப்படி விலகி நுழைகிறார்கள் என்பதை யோசித்தால் இந்த ஓர இடத்தின் மதிப்பு புரியும்.

மெதுவானால் பாதுகாப்பா?

வேகம் குறைவது நல்லதுதானே என்று கேட்கலாம். பெரும்பாலும் ஆம். சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிர்ப்பலி விபத்து நேரும் ஆபத்து ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது இறங்குமுகத்திலும் வேலை செய்யும்.

காரை நிறுத்தத் தேவைப்படும் தூரத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். உலர்ந்த சாலை, நல்ல டயர், ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி என்று கொண்டால், 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்க ஏறத்தாழ 13 மீட்டர் தேவை. 50 கிலோமீட்டரில் 28 மீட்டர். 60 கிலோமீட்டரில் ஏறத்தாழ 37 மீட்டர். வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு பிள்ளை 15 மீட்டர் தூரத்தில் சாலையில் இறங்கினால், 30-ல் வந்தவர் நின்றுவிடுவார். 50-ல் வந்தவர் பிரேக்கை மிதிக்கவே 14 மீட்டர் ஓடியிருப்பார். பிள்ளையின் மேல் மோதும்போது அவருடைய வேகம் ஏறத்தாழ குறைந்திருக்காது. மழை பெய்த சாலையில் இந்தத் தூரங்கள் எல்லாம் இன்னும் நீளும்.

ஆனால் ஓரத்து நடமாட்டத்தால் வரும் மெதுவும் வேக வரம்பால் வரும் மெதுவும் ஒன்றல்ல. நடமாட்டம் சராசரியைக் குறைக்கும் அதே நேரத்தில் வேறுபாட்டை அதிகமாக்குகிறது. ஒருவர் 10-ல் ஊர்கிறார். அவர் பின்னால் எரிச்சலோடு வந்தவர் இடைவெளி கிடைத்ததும் 45-க்கு ஏற்றுகிறார். கடக்க நிற்பவருக்கு எந்தக் கார் எந்த வேகத்தில் வருகிறது என்று கணிக்க முடிவதில்லை. நிற்கும் வண்டிகள் பார்வையையும் மறைக்கின்றன.

இன்னொரு சிக்கல் இரவில் வருகிறது. பகலில் வேகத்தைக் கட்டுப்படுத்தியது கூட்டம்தான். இரவு பத்து மணிக்குக் கடைகள் மூடிய பிறகு கட்டுப்படுத்த எதுவும் இல்லை. மிஞ்சுவது அகலமான, நேரான, காலியான சாலை. அந்தச் சாலையைக் கடக்கும் கடைசி ஆள் கடையைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் தொழிலாளியாக இருக்கலாம். பகல் நெரிசலைப் பார்த்து ‘இங்கே யாரும் வேகமாகப் போக முடியாது’ என்று முடிவு செய்யும் மன்றம் இந்த ஒரு மணி நேரத்தைப் பார்க்கத் தவறிவிடுகிறது.

முதலாம் கூட்டரசுச் சாலை ஊடுருவிச் செல்லும் பீடோர், தாப்பா, சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் இது வேறு வடிவத்தில் தெரியும். வடக்கு - தெற்கு விரைவுச்சாலை 1994-ல் முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு நெடுந்தூர வாகனங்கள் பெரும்பாலும் அங்கே போய்விட்டன. பழைய சாலை ஊர் மக்களுக்கும் தோட்டத்து மக்களுக்கும் மிஞ்சியது. ஊர்களுக்கு இடையே 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவர் ஊர் எல்லைப் பலகையைக் கண்டதும் இறங்குவார் என்று எதிர்பார்ப்பது கடினம். முதல் கடையையும் முதல் மனிதரையும் கண்ட பிறகே பெரும்பாலோர் காலை எடுக்கிறார்கள். அந்த முதல் மனிதர் பல நேரங்களில் தோட்டப் பாதை முனையில் மோட்டார் சைக்கிளோடு காத்திருப்பவர்.

பிரிக்ஃபீல்ட்ஸும் வெள்ளைக் கோலும்

பிரிக்ஃபீல்ட்ஸைப் பற்றிப் பேசாமல் இந்தப் பொருள் முழுமை பெறாது. ஜாலான் துன் சம்பந்தன் மலேசிய இந்தியர் காங்கிரஸின் முன்னாள் தலைவரான துன் வீ.தி. சம்பந்தனின் பெயரைத் தாங்கியது. அப்பகுதி லிட்டில் இந்தியாவாக 2010 அக்டோபர் 27-ஆம் தேதி அன்றைய மலேசியப் பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் கலந்துகொண்ட விழாவில் திறந்து வைக்கப்பட்டது. கேஎல் சென்ட்ரல் நிலையத்தின் பயணிகள், மோனோரயில் நிலையத்திலிருந்து இறங்குபவர்கள், உணவகத்துக்கு வருபவர்கள், கோயிலுக்கு வருபவர்கள் எல்லோரும் சில நூறு மீட்டருக்குள் சேர்கிறார்கள்.

அதே இடத்தில்தான் 1951-ல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் வளாகமும் இருக்கிறது. வெள்ளைக் கோலோடு நடப்பவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் அன்றாடக் காட்சி. அவர்களுக்காக நடைபாதையில் மேடுபள்ளக் கோடுகள் கொண்ட மஞ்சள் கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கற்களின் மேல் ஒரு மோட்டார் சைக்கிளோ கடையின் மேசையோ நின்றால், அவர் பாதையை விட்டுச் சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது. கார் ஓட்டுநரின் கணக்கில் அது 0.5 புள்ளி உராய்வு. இறங்கியவருக்கு, எந்தப் பக்கம் எந்த வாகனம் வருகிறது என்பதை ஒலியை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டிய நேரம். மெதுவாக நகரும் மின்சாரக் கார்கள் அதிக ஒலி எழுப்பாததால் அதுவும் எளிதாக இல்லை.

கையேட்டின் பார்வையிலுள்ள ஒரு குறையும் இங்கே தெரிகிறது. அந்தக் கணக்கு முழுவதும் வாகனத்தின் இருக்கையிலிருந்து போடப்பட்டது. அதில் மனிதர் ஒரு தடை. கடைத்தெரு இருப்பதே அந்த மனிதருக்காக என்பது அதன் எந்தப் பத்தியிலும் இல்லை.

பள்ளி வாசல்

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது பல தமிழ்ப்பள்ளிகள் தாமான்களுக்கும் பெரிய சாலையோரங்களுக்கும் இடம் மாறின. தோட்டத்தில் பிள்ளைகள் நடந்தே பள்ளிக்குப் போனார்கள். இப்போது வேனும் காரும் தேவைப்படுகின்றன. மதியம் பள்ளி விடும் நேரத்தில் வாசலின் இரு பக்கமும் கார்கள் வரிசையாக நிற்கின்றன. மலேசியாவில் பள்ளி வட்டாரத்தில் குறிப்பிட்ட நேரங்களில் 30 கிலோமீட்டர் வேக வரம்பு உண்டு. வாசலின் நேர் எதிரே கூட்டத்தால் அதற்கும் குறைவான வேகமே இருக்கும். ஆபத்து வரிசை முடியும் இடத்தில் இருக்கிறது. நெரிசலிலிருந்து விடுபட்ட ஓட்டுநர் வேகமெடுக்கும் அதே இடத்தில், இடம் கிடைக்காமல் தள்ளி நிறுத்திய பெற்றோரின் காரை நோக்கி ஒரு பிள்ளை ஓடுகிறது.

மற்ற இடங்களில் செய்தது

சிங்கப்பூரில் வேறு வரம்பு குறிக்கப்படாத சாலைகளில் 50 கிலோமீட்டரும், பள்ளி வட்டாரங்களில் குறிப்பிட்ட நேரங்களில் 40 கிலோமீட்டரும் வரம்பு. முதியோர் அதிகம் வாழும் பகுதிகளுக்கு 2014 முதல் ‘சில்வர் ஸோன்’ திட்டம் நடப்புக்கு வந்தது. அங்கே வரம்பைக் குறைத்ததோடு தடங்களைக் குறுக்கி, சாலையை லேசாக வளைத்து, நடுவில் நின்று இரண்டு தவணையாகக் கடக்க இடமும் அமைத்தார்கள். கூட்டம் இல்லாத இரவிலும் சாலையின் வடிவமே ஓட்டுநரை மெதுவாக்குகிறது. முதியோர் தங்கள் சலுகை அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு 3 முதல் 13 வினாடி வரை நீளும் வசதியும் 2009 முதல் அங்கே உண்டு. 14 மீட்டர் அகலச் சாலையை வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 12 வினாடியில் கடப்பார், 0.8 மீட்டர் நடக்கும் பாட்டிக்கு 17 வினாடிக்கு மேல் வேண்டும் என்பதை நினைத்தால் அந்தச் சில வினாடிகள் சிறியவை அல்ல. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேன் இப்போது நடப்பவர்களுக்கான தெரு.

முழுவதுமாக மூடுவது நமக்கும் புதிதல்ல. கோலாலம்பூர் லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மான் சனிக்கிழமை இரவுச் சந்தையில் வாகனமே இல்லை. அரைத் தடத்தில் சந்தை, மீதி அரையில் கார் என்று நடத்தப்படும் இரவுச் சந்தைகளைவிட முழுதாக மூடப்பட்டவை நடப்பவர்களுக்குப் பாதுகாப்பானவை. அரைகுறைதான் ஆபத்து.

கடைகளை அகற்றுவது மன்றங்களுக்கு எளிதாகத் தோன்றும் தீர்வு. ஆனால் கடையை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காருக்குக் கொடுத்தால், 0.5 புள்ளிக்காரரை விரட்டி 1 புள்ளிக்காரரை அழைத்ததாகவே ஆகும். சாமான் இறக்கக் காலை நேரத்தை ஒதுக்குவது, கட்டிவாங்குபவர்களுக்குச் சந்தில் பத்து நிமிடப் பெட்டிகள் போடுவது, பேருந்து நிறுத்தத்தில் கார் நிற்காதபடி ஓரக்கல்லை உயர்த்துவது, கடக்கும் இடத்தில் நடைபாதையை முன்னே நீட்டுவது ஆகியவை அதிகப் பணம் கேட்காத வேலைகள்.

தங்கள் தெருவுக்கு இதைக் கேட்க விரும்பும் குடியிருப்பாளர் சங்கமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ வெறும் புகார்க் கடிதத்தைவிட ஓர் எண்ணிக்கைத் தாளோடு போவது பலன் தரும். அளவு நாடாவால் 200 மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். தாளில் நான்கு பத்தி: நடப்பவர், நிற்கும் வாகனம், நுழைந்து வெளியேறும் வாகனம், மெதுவான வண்டி. இரண்டு பேர், ஓரத்துக்கு ஒருவராக, 15 நிமிடத்துக்கு ஒரு முறை கோடு போட்டு எண்ண வேண்டும். பள்ளிச் சாலை என்றால் விடும் நேரத்தை ஒட்டிய ஒரு மணி நேரம். கடைத்தெரு என்றால் வார இறுதி மாலை. அதோடு அதே தெருவில் இரவு பத்து மணிக்கு ஒரு முறை, 100 மீட்டரைக் கார்கள் எத்தனை வினாடியில் கடக்கின்றன என்று கைப்பேசிக் கடிகாரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். 6 வினாடி என்றால் 60 கிலோமீட்டர் வேகம். 4 வினாடி என்றால் 90.